புள்ளிக் கெளுத்திக்குப் பெயர் வைத்த கதை

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்போர் இன்று பலர். அத்தகைய தொட்டிகளில் மற்ற மீன்கள் அங்குமிங்கும் நீந்திக்கொண்டிருக்க, ஒரு மீன் மட்டும் கண்ணாடியில் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம், உடலெங்கும் புள்ளிகள், செதிளுக்குப் பதிலாகக் கடினமான எலும்புத் தகடுகள், தலைக்கு அடியில் வட்டமான உறிஞ்சு வாய் ஆகியவை அதன் அடையாளங்கள். கடைகளில் அதைச் 'சக்கர் மீன்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் கூறி விற்கிறார்கள். வண்ண மீன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரிலும் இவை பழகிப்போன பெயர்கள்.

இப்பெயர் தனி ஒரு மீனைக் குறிப்பதில்லை. உருவில் ஒத்த பல இனங்கள் இப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 12 செ.மீ. அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மற்றொன்று அரை மீட்டரை நெருங்கும். இரண்டு அங்குலக் குஞ்சாகப் பிளாஸ்டிக் பையில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியும் வழியை வகுக்க உயிரியலாருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் கண்ட வழியோ மிக எளியது. எண்ணத் தெரிந்த எந்த மாணவரும் அரை நிமிடத்தில் அதைச் செய்துவிடலாம். அவ்வழி உருவான வரலாற்றையும், அதைப் புறக்கணித்ததால் நேர்ந்த விளைவையும் இக்கட்டுரையில் காண்போம்.

நீளம் எட்டு மடங்கானால்

முதலில் ஒரு சிறு கணக்கு. கடையில் வாங்கும் மீன் குஞ்சின் நீளம் 5 செ.மீ. என்றும், அதன் எடை 2 கிராம் என்றும் கொள்வோம். அது 40 செ.மீ. வளர்ந்தால் எடை எவ்வளவு இருக்கும்? நீளம் 8 மடங்காகிறது. உடலின் வடிவம் மாறாதிருந்தால் அகலமும் உயரமும் அவ்வாறே 8 மடங்காகும். எனவே பருமன் 8 × 8 × 8, அதாவது 512 மடங்காகும். 2 கிராம் மீன் ஒரு கிலோகிராமைத் தாண்டிவிடும். நீளம் பெருகும்போது பருமன் அதன் மும்மடிக்கு ஏற்பப் பெருகும் என்னும் இவ்வுண்மையைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

நம் வீடுகளில் உள்ள சாதாரணத் தொட்டி 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உடையது. விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர் நீர் கொள்ளும். 30 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. மீன் உடலை நீட்டித் திரும்ப இயலாது. அப்போது வீட்டுக்காரர் என்ன செய்வார்? கொல்ல மனம் வராமல், அருகிலுள்ள ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவார். இச்செயல் இரக்கம் போலத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. அதற்குப் பின்னர் வருவோம்.

சூரினாமிலிருந்து வந்த 'ஸ்டர்ஜன்'

இம்மீன்களின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோக்கோ, பரானா முதலிய பேராறுகளும் அவற்றின் கிளைகளும் இவை வாழும் இடங்கள். ஐரோப்பியர் இவற்றை முதலில் அறிந்தது கயானா கடற்கரை வழியாக. அக்காலத்தில் டச்சுக் குடியேற்றமாக இருந்த சூரினாமிலிருந்து, பதப்படுத்தப்பட்ட மீன்கள் ஐரோப்பியச் சேகரிப்புகளுக்கு வந்துகொண்டிருந்தன.

உயிர்களுக்கு இரண்டு சொற்களில் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758-இல் வெளியான தம் நூலின் பத்தாம் பதிப்பில் இவற்றுள் ஒன்றுக்கு 'அசிபென்சர் பிளிக்கோஸ்டோமஸ்' என்று பெயரிட்டார். அசிபென்சர் என்பது ஸ்டர்ஜன் மீனின் பேரினப் பெயர். வடக்கு நாடுகளின் ஆறுகளில் வாழ்ந்து, காவியார் எனப்படும் விலையுயர்ந்த முட்டையைத் தரும் மீன் ஸ்டர்ஜன். அதற்கும் இக்கெளுத்திக்கும் உறவு மிகத் தொலைவு. எனினும் இரண்டுக்கும் உடலில் எலும்புத் தகடுகள் வரிசையாக உள்ளன. இரண்டுக்கும் வாய் தலைக்கு அடியில் உள்ளது. வெளித்தோற்றத்தை மட்டும் கண்டால் ஒரே கூட்டம் என்று கருத இடமுண்டு. இவ்வாறு இம்மீனின் வரலாறு ஒரு தவறான உறவுமுறையுடன் தொடங்கியது.

பிளிக்கோஸ்டோமஸ் என்றால் 'மடிப்பு வாய்' என்று பொருள். இன்றும் உலகெங்கும் மீன் வளர்ப்போர் இவற்றைச் சுருக்கமாகப் 'பிளிக்கோ' என்று அழைப்பது அச்சொல்லிலிருந்து வந்ததே. 1803-இல் பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேடு இம்மீனை ஸ்டர்ஜனிடமிருந்து பிரித்து, 'ஹைப்போஸ்டோமஸ்' என்னும் புதிய பேரினத்தில் வைத்தார். அதன் பொருள் 'அடிவாய்'.

லின்னேயஸ் பெயரிட்டது துல்லியமாக எந்த மீனுக்கு என்னும் கேள்வி எளிதில் தீரவில்லை. சூரினாமின் ஹைப்போஸ்டோமஸ் இனங்களைப் பற்றி 1968-இல் லைடன் நகர அருங்காட்சியக அறிஞர் பூசெமன் விரிவாக எழுதினார். அதன் பின்னரும் 2012-இல் வெபர், கோவென், ஃபிஷ்-மியூலர் ஆகிய மூவர் இக்கேள்வியை மீண்டும் எடுத்து ஆராய வேண்டியிருந்தது. பெயர் வைத்து 254 ஆண்டுகள் ஆன பிறகு! கடைகளில் 'பிளிக்கோஸ்டோமஸ்' என்று எழுதி விற்கப்படும் மீன்களிலோ பெரும்பாலானவை லின்னேயஸ் பெயரிட்ட மீனே அல்ல. வேறு பேரினத்தைச் சேர்ந்தவை.

எண்ணிக்கையே பெயரானது

அந்த வேறு பேரினத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்கள் புள்ளிகளைப் பார்த்தவர்கள் அல்லர், துடுப்பை எண்ணியவர்கள்.

மீனின் முதுகில் விசிறிபோல் விரியும் துடுப்பு இருக்கிறது. விசிறிக்குள் ஈர்க்குகள் இருப்பதைப் போல, துடுப்புக்குள் மெல்லிய எலும்புக் கதிர்கள் உள்ளன. முன்னால் கெட்டியான முள் ஒன்று. அதன் பின் வரிசையாக, நுனியில் கிளைத்த மென்கதிர்கள். ஹைப்போஸ்டோமஸ் மீன்களில் இம்மென்கதிர்கள் பொதுவாக 7. கயானாவில் மருத்துவராக இருந்த ஜான் ஹான்காக், 1828-இல் ஒரு மீனை விவரித்தபோது அதன் முதுகுத் துடுப்பில் கதிர்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டு, 'மல்டிரேடியேட்டஸ்', அதாவது 'பல கதிருடையது' என்று பெயரிட்டார். 1840-இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியேன் மற்றொரு மீனுக்கு 'டியோடெசிமாலிஸ்' என்று பெயரிட்டார். இலத்தீனில் பன்னிரண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

1858-இல் அமெரிக்க இளைஞர் தியோடர் கில் இத்தகைய மீன்களுக்கெனத் தனிப் பேரினம் ஒன்றை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 21. வலென்சியேனின் மீனையே அப்பேரினத்தின் முன்மாதிரியாகக் கொண்டு, அதற்கு 'டெரிகோப்ளிக்திஸ்' என்று பெயர் சூட்டினார். துடுப்பு, கவசம், மீன் என்னும் பொருள் தரும் மூன்று கிரேக்கச் சொற்கள் இதில் சேர்ந்துள்ளன. பாய்மரம் போல் உயர்ந்து நீண்ட முதுகுத் துடுப்பே இதன் சிறப்பு. அதில் மென்கதிர்கள் பொதுவாக 10-க்கு மேல் இருக்கும். ஏழா, பத்துக்கு மேலா என்னும் இந்த வேறுபாடு அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

இதே காலத்தில் வியன்னாவிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. ஆஸ்திரிய நாட்டு இயற்கையியலார் யோகான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பதினெட்டு ஆண்டுகள் பிரேசிலில் அலைந்து திரிந்து சேகரித்த உயிரினங்கள் வியன்னா அருங்காட்சியகத்தில் குவிந்திருந்தன. ருடால்ஃப் க்னெர் என்னும் அறிஞர் அவற்றுள் கவச மீன்களை ஆராய்ந்து 1854-இல் நூல் வெளியிட்டார். அதில் 'ஆன்சிஸ்ட்ரஸ்' என்னும் பேரினத்தை அவர் உருவாக்கினார். தூண்டில் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இம்மீன்களின் கன்னத்தில் தூண்டில்போல் வளைந்த முட்கொத்து உள்ளது. சினம் கொண்டால் அதை வெளியே விரிக்கும். வளர்ந்த ஆணின் முகத்தில் மென்மையான தாடி போன்ற இழைகள் முளைத்திருக்கும். ஆன்சிஸ்ட்ரஸ் இனங்களுள் தொட்டிகளில் பெருகி வளர்வது ஏறத்தாழ 12 முதல் 15 செ.மீ. வரையே வளரும். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய சிறிய மீன் இதுதான்.

அதே நூலில் க்னெர் சிறுத்தைப் புள்ளிகளும் தலையில் திமிலும் உடைய மற்றொரு மீனுக்கும் 'ஆன்சிஸ்ட்ரஸ் கிப்பிசெப்ஸ்' என்றே பெயரிட்டார். அது அரை மீட்டர் வரை வளரக்கூடியது! பிற்காலத்தில் அது டெரிகோப்ளிக்திஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ஆக, சிறியதையும் பெரியதையும் ஒரே பெயரின்கீழ் வைக்கும் குழப்பம் மீன் கடையில் பிறந்ததன்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அருங்காட்சியகத்திலேயே அது நிகழ்ந்திருக்கிறது.

காணாத மீனுக்கும் பெயர்

இன்று உலகெங்கும் மிகுதியாக விற்கப்படும் புள்ளிக் கெளுத்தி 'டெரிகோப்ளிக்திஸ் பார்டாலிஸ்'. பார்டாலிஸ் என்றால் சிறுத்தை போன்றது. 1843 முதல் 1847 வரை தென் அமெரிக்காவின் குறுக்கே பயணம் செய்த பிரெஞ்சுக் குழுவின் தலைவர் காஸ்டெல்னோ, அமேசானில் கிடைத்த இம்மீனுக்கு 1855-இல் அப்பெயரை வைத்தார். புள்ளிகளின் அழகே பெயரில் இடம்பெற்றது.

காஸ்டெல்னோவின் வாழ்வில் பின்னர் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. 1872-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், பிரிஸ்பேன் அருங்காட்சியகத் தலைவர் ஒருவருக்கு விருந்தில் விந்தையான மீன் ஒன்று பரிமாறப்பட்டது. வேறு வேறு உயிர்களின் உறுப்புகளை ஒட்டி, பிளாட்டிபஸின் அலகையும் பொருத்தி, வேடிக்கைக்காகச் செய்த 'மீன்' அது. அவர் அதை வரையச் செய்தார். அப்படமும் குறிப்பும் காஸ்டெல்னோவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1879-இல் அவர் அதற்கு 'ஓம்பாக்ஸ் ஸ்பாட்டுலாய்டிஸ்' என்று புதிய பேரினமும் சிற்றினமும் வழங்கினார். மீனை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே சூழ்ச்சி வெளிப்பட்டது. பழுத்த அனுபவமுடையவரும், பொருளை எதிரில் வைத்து எண்ணாமலும் அளக்காமலும் முடிவு செய்தால் ஏமாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

வயிற்றுக் கோலம்

20-ஆம் நூற்றாண்டில் வண்ண மீன் வளர்ப்பு உலக வாணிகமாக வளர்ந்தது. ஃபுளோரிடாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பண்ணைக் குளங்களில் இம்மீன்கள் பெருக்கப்பட்டன. பாய்மரத் துடுப்புடைய புள்ளி மீன்கள் பலவும் நெடுங்காலம் 'மல்டிரேடியேட்டஸ்' என்னும் ஒரே பெயரில் வழங்கின. ஜெனீவா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குளோட் வெபர் 1991-இல் இக்கூட்டத்தை மீண்டும் ஆராய்ந்து, பல புதிய பெயர்களை வெளியிட்டார். மடெய்ரா ஆற்றுப் பகுதியில் வாழும் ஓரினத்துக்கு 'டிஸ்ஜங்டிவஸ்' என்னும் பெயரை வழங்கியவர் அவரே.

பார்டாலிஸையும் டிஸ்ஜங்டிவஸையும் முதுகுத் துடுப்பால் பிரிக்க இயலாது. கதிர்களின் எண்ணிக்கை ஒன்றோடொன்று கலந்துவிடும். முதுகுப் பக்கப் புள்ளிகளும் உதவுவதில்லை. மீனைத் திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும். பார்டாலிஸின் வயிற்றில் கரும்புள்ளிகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். டிஸ்ஜங்டிவஸின் வயிற்றில் அவை ஒன்றோடொன்று இணைந்து, புழு ஊர்ந்த தடம்போல் நெளிகோடுகளாகும். தொட்டியில் இதைப் பார்க்க மீனைப் பிடிக்கவும் வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்போது அதுவே தன் வயிற்றை நமக்குக் காட்டிவிடுகிறது.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. இம்மீன்கள் குடிபுகுந்த நாடுகளில் புள்ளியும் நெளிகோடும் கலந்த இடைப்பட்ட கோலமுடையவை ஏராளம். இரண்டும் கலந்து இனம் பெருகியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வெபர் இக்கூட்டத்தை மூன்று பேரினங்களாகப் பிரித்திருந்தார். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக அறிஞர் ஆம்பிரஸ்டர், எலும்புகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் அவற்றை மீண்டும் டெரிகோப்ளிக்திஸ் என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்.

எண்ணால் ஒரு பெயர்

புதிய புதிய கவச மீன்கள் வாணிகத்தில் வந்துகொண்டே இருந்தன; அறிவியல் பெயர் சூட்டும் வேலை அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே 1988-இல் ஜெர்மனியின் மீன் வளர்ப்பு இதழான 'டாட்ஸ்' ஒரு வழி கண்டது. அடையாளம் உறுதியாகாத ஒவ்வொரு மீனின் படத்தையும் கிடைத்த இடத்தையும் வெளியிட்டு, அதற்கு ஒரு வரிசை எண் தந்தது. கவச மீன் குடும்பத்தின் பெயர் லோரிகாரிடே. அதன் முதலெழுத்தைக் கொண்டு இவை 'எல் எண்கள்' எனப்பட்டன.

முதல் எண்ணான எல்-1 பெற்றது எது தெரியுமா? வெளிர்ப் புள்ளிகள் நிறைந்த ஒரு டெரிகோப்ளிக்திஸ். 1991-இல் வெபர் அதற்கு 'ஜோசெலிமையானஸ்' என்று முறையான பெயர் சூட்டினார். அதன் தாயகம் பிரேசிலின் டோகான்டின்ஸ் ஆற்றுப் பகுதி. எல் எண் அறிவியல் பெயருக்கு ஈடாகாது. எனினும் 'இது இன்னதென்று முடிவாகவில்லை' என்பதை நேர்மையாகச் சொல்லும் பெயர் அது. எல்லாவற்றையும் 'டேங்க் கிளீனர்' என்று அழைப்பதைவிட அது மேலானது. இன்று இக்குடும்பத்தில் 1,000-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன.

கடையில் கண்டறியும் முறை

இருநூறு ஆண்டு வரலாறு நமக்குத் தரும் செயல்முறையை இனிச் சுருக்கமாகக் காண்போம். குஞ்சு மீனைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலோ பையிலோ இடச் சொல்லுங்கள். பின்னால் வெளிச்சம் வருமாறு பிடித்து, அது முதுகுத் துடுப்பை விரிக்கும்வரை காத்திருங்கள். முன்முள்ளை விட்டுவிட்டு, மென்கதிர்களை அடிப்பகுதியில் எண்ணுங்கள். நுனியில் எண்ணினால் கிளைகள் கணக்கைக் குழப்பும்.

எண்ணிக்கை 10 அல்லது அதற்கு மேல் என்றால் அது டெரிகோப்ளிக்திஸ். சிறு தொட்டிக்கு ஆகாது. எண்ணிக்கை 7 என்றால் கன்னத்தைக் கவனிக்க வேண்டும். வளைந்த முட்கொத்து விரிந்து மடங்குமானால், தலை அகன்று உடல் தட்டையாக இருக்குமானால், அது ஆன்சிஸ்ட்ரஸ் ஆக இருக்கலாம். முட்கொத்து இல்லையெனில் ஹைப்போஸ்டோமஸ் வகையாகலாம். அவற்றுள்ளும் பெரிதாக வளர்வன உண்டு. புள்ளிகளை இறுதியில்தான் பார்க்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் மூன்றுக்கும் புள்ளி உண்டு. வளர வளரப் புள்ளியின் அளவும் அடர்த்தியும் மாறும். ஒளிக்கும் அச்சத்துக்கும் ஏற்ப நிறமும் வெளுக்கும், கறுக்கும். கதிர்களின் எண்ணிக்கையோ குஞ்சுக்கும் முதிர்ந்த மீனுக்கும் ஒன்றே. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எந்த அளவு நிலையானது, எந்த அளவு சூழலுக்கேற்ப மாறுவது என்று முதலில் பிரித்துக்கொள்கிறோம் அல்லவா? அதே முறைதான் இதுவும்.

வளர்க்கும் முறை

சிறிய ஆன்சிஸ்ட்ரஸ் நம் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பநிலை போதும். உட்புகுந்து மறைய ஓர் உடைந்த மண்சட்டித் துண்டோ குழாயோ, உரசித் தின்ன ஒரு துண்டு ஊறிய மரமோ இருக்க வேண்டும். பாசி மட்டும் உணவாகப் போதாது. வெள்ளரி, பூசணித் துண்டுகளை மாலையில் இட்டு, மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இவை பெரும்பாலும் இரவில் இயங்குபவை. ஆதலின் விளக்கை அணைக்கும் வேளையில் உணவிடுவது நல்லது. ஆண் மீன் குகைக்குள் முட்டைகளைக் காவல் காத்து, துடுப்பால் நீரை விசிறிக்கொண்டிருக்கும் காட்சி கண்டு மகிழத்தக்கது.

பெரிய டெரிகோப்ளிக்திஸை வளர்க்க விரும்புவோர் பல நூறு லிட்டர் கொள்ளும் அகன்ற தொட்டியும், பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பொறுப்பும் தேவை என்பதை முதலிலேயே உணர வேண்டும். இதன் கண்மணி வியப்புக்குரியது. கடும் ஒளியில் மேலிருந்து ஒரு மடல் இறங்கி, அதைப் பிறைபோல் ஒடுக்கிவிடும். இருளை நாடும் இம்மீனை ஓயாது விளக்கின்கீழ் வைப்பது கொடுமை. பசி மிகுந்தால் தட்டையான உடலுடைய பிற மீன்களின் மேல் ஒட்டி, அவற்றின் உடற்பசையை உரசித் தின்னவும் கூடும். தங்க மீனுடன் சேர்த்து வளர்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

'டேங்க் கிளீனர்' என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். கண்ணாடியில் இருந்த பாசியை மீன் தின்றால் அது கழிவாக நீருக்குள் வருகிறது. பாசியில் இருந்த நைட்ரஜன் அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறி, அதே தொட்டியில் தங்குகிறது. கண்ணாடி பளபளக்கிறது, நீர் தூய்மையாவதில்லை. பிற மீன்களின் கழிவை இது தின்பதும் இல்லை. பேருண்டியாகிய இதுவே மிகுந்த கழிவை விடுகிறது. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றும் வேலை நமக்கே உரியது.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

இனி, தவறான பெயரின் விலையைப் பார்ப்போம். அமேசான் வெள்ளச் சமவெளியில் கோடையில் நீர் வற்றி, எஞ்சிய குட்டைகளில் உயிர்வளி குறைந்துவிடும். அங்கு வாழப் பழகிய டெரிகோப்ளிக்திஸ், நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாக உயிர்வளியைப் பெறும். ஈரமான சூழலில் நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும். கவசமும் முள்ளும் இருப்பதால் அதை விழுங்கத் துணியும் விலங்குகள் குறைவு. கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் வரை வளை தோண்டி, அதற்குள் முட்டையிட்டு, ஆண் மீன் காவல் காக்கும்.

இவ்வியல்புகளுடன் வேற்று நாட்டு நீர்நிலைகளில் புகுந்தபோது என்ன நடந்தது? ஃபுளோரிடாவின் தென்பகுதியில் 1971-இலேயே இது நிலைபெற்றது. வளைகளால் கால்வாய்க் கரைகள் அரிக்கப்பட்டன. அங்குள்ள ஊற்றுகளில் கடற்பசுக்களின் உடலில் இம்மீன்கள் ஒட்டிப் பாசி மேய்ந்து அவற்றைத் தொல்லைப்படுத்துவதை 2009-இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடித்து வாழ்ந்த மீனவரின் வலைகளில் விலைபோகாத இம்மீன்களே பெருமளவில் சிக்கின. முட்களால் வலைகள் கிழிந்தன. பிலிப்பைன்சில் இதற்கு 'துப்புரவாளர் மீன்' என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. கடைக்காரர் வைத்த பெயர் லகுனா ஏரி வரை உடன் சென்றிருக்கிறது.

ஃபுளோரிடாவில் தொடக்கத்தில் 'மல்டிரேடியேட்டஸ்' என்று குறிக்கப்பட்டவற்றுள் பல, பின்னர் மறுபடி ஆராயப்பட்டபோது டிஸ்ஜங்டிவஸ் எனத் தெரிந்தன. எந்த ஆற்றிலிருந்து வந்த இனம் என்பது தெரிந்தால்தான் எந்த வெப்பத்தையும் உப்பையும் அது தாங்கும், எங்கே பரவும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியும். பெயர் தவறினால் கணிப்பும் தவறும்.

இந்தியாவில் திருவனந்தபுரத்தின் கால்வாயில் இப்பேரின மீன் வாழ்வதை 2009-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆந்திரத்தின் மீன் பண்ணைக் குளங்களிலும், கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும், தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் இது காணப்படுகிறது. நம் கெளுத்தியும் வாளையும் தேளியும் தகடற்ற வழுவழுப்பான தோலுடையவை. கவசம் பூண்ட இப்புதியவனை வலையில் காணும் மீனவர் அதைக் கெளுத்தி என்றே நினைப்பதில்லை. தின்பாரும் வாங்குவாரும் குறைவு. ஆனால் வலையிலிருந்து அதை முள்ளோடு விடுவிக்கும் நேரமும் கிழிந்த வலையும் மீனவரின் இழப்பு. நம் ஏரிகளின் கரைகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. வளை தோண்டும் மீன் அவற்றில் பெருகுவது கவலைக்குரியது.

இன்று ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலார், ஏரி நீரை மட்டும் எடுத்து அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு இம்மீன் அங்கு இருக்கிறதா என்று கண்டறியும் முறையை உருவாக்கியுள்ளனர். மீனைக் காணாமலே அதன் இருப்பை அறியலாம். 1828-இல் ஹான்காக் துடுப்புக் கதிர்களை எண்ணியதற்கும் இதற்கும் கருவிகள் வேறு, நோக்கம் ஒன்றே. ஆயினும் ஏரியில் புகுந்து பெருகிய மீனை முற்றாக அகற்றுவது மிக அரிது. புகும் வழியை அடைப்பதே எளிது. அவ்வழி நம் வரவேற்பறைத் தொட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

எனவே வாங்குமுன் துடுப்புக் கதிர்களை எண்ணுங்கள். ஏற்கெனவே வாங்கிய மீன் தொட்டியை மீறி வளர்ந்துவிட்டால் கடைக்காரரிடமோ பெரிய தொட்டி உடையவரிடமோ ஒப்படையுங்கள். எக்காரணம் கொண்டும் ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். இறந்த மீனையும் நீர்நிலையில் எறியாமல் மண்ணில் புதையுங்கள். கடையில் நீங்கள் எண்ணுவதைக் கண்டு அடுத்தவர் ஏனென்று கேட்டால், ஏழுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.